பாலத்தின் மேல் நின்று எடுத்த படம்

‘எந்த லென்ஸ் வாங்கலாம் மேடம்?’ என்று கேட்டு இனி யாரும் எனக்கு போன் செய்ய வேண்டாம். ஓய்வு பெற்றுவிட்டேன் என்று தமிழில்தான் சொல்கிறேன், உங்களில் ஒருவருக்கும் புரிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மேற்கு மாம்பலத்தில் என் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு பைக்குகள் நிற்கின்றன. எதிர்வீட்டு மாமி, “உங்காத்துல ஏதாவது விசேஷமா?” என்று கேட்கிறார். ஆமாம், விசேஷம்தான். ஆளுக்கொரு முதுகுப்பை, அதற்குள் அடுக்கடுக்காக லென்ஸ், அதற்கு மேல் இன்னும் எது வாங்கலாம் என்று ஒரு கேள்வி. இத்தனை பேரில் ஒருவராவது, ‘மேடம், இந்த இடத்தில் நான் எங்கே நிற்க வேண்டும்?’ என்று கேட்டதுண்டா? கிடையாது.

நான் கல்யாணப் படங்களில் ஆரம்பித்தேன். அப்புறம் தி.நகரில் ஒரு கட்டடப் பொறியாளர் அலுவலகத்தில் பல வருஷம் இருந்தேன். விரிசல் விட்ட சுவர், சாய்ந்த மதில், ஒழுகும் மாடி, இதைத்தான் படம் எடுப்பேன். அழகு ஒன்றும் கிடையாது. அந்த அலுவலகத்துப் பெரியவர் ஒரு விசித்திரப் பிறவி. படத்தைக் கையில் வாங்கியதும், “நீ எங்கம்மா நின்னே?” என்பார். தரையில் கால் வைத்த இடத்தைச் சரியாகச் சொன்னால்தான் படத்தைப் பார்ப்பார். தடுமாறினால் மேஜைக் கோடிக்குத் தள்ளிவிடுவார். என்ன லென்ஸ் என்று அந்த மனிதர் கடைசிவரை கேட்டதே இல்லை. அவர்மேல் எனக்குப் பொல்லாத கோபம் இருந்தது. இப்போது அதே கேள்வியை உங்களைக் கேட்டுத் தொண்டைத்தண்ணீர் வற்றுகிறது.

உங்களுக்கெல்லாம் பின்னணி மங்க வேண்டும். அதுதானே முதல் வேண்டுதல்? மயிலாப்பூர் மண்டபம் ஒன்றில், உங்கள் மாதிரி ஒரு தம்பி, முகூர்த்த நேரத்தில் எய்ட்டி ஃபைவ் லென்ஸின் துவாரத்தை முழுசாகத் திறந்து வைத்து எடுத்தான். பெண்ணின் கண் இமை ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு துல்லியம். மாப்பிள்ளையின் கையும் அந்தக் கையில் இருந்ததும் வெண்ணெய் உருகின மாதிரி வழிந்து போயிருந்தது. ஆல்பத்தைப் புரட்டிய பெண்ணின் அம்மா கேட்டார், “எல்லாம் சரிப்பா, தாலி எங்க?” அந்தத் தம்பி சொன்ன பதில், “அதான் மேடம் லுக்கே.” நான் பக்கத்தில் இருந்தேன். தலையில் அடித்துக்கொண்டேன்.

சரி, தாலி மங்கினால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது, அவர்கள் நன்றாகத்தான் குடித்தனம் நடத்துகிறார்கள். நான் சொல்ல வந்தது கஸ்தூரியின் வீட்டு விஷயம்.

கஸ்தூரி அபிராமபுரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் சுவரோரம் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர். அந்தத் தெருவில் நான் ஒரு கட்டடத்தை மாதக்கணக்கில் படம் எடுத்தபோது பழக்கம். வீடு அடையாற்றங்கரையில். அது எந்த நகர் என்று கேட்க வேண்டாம். இதெல்லாம் நடந்து அதிக நாளாகவில்லை. ஒரு நாள் காலையில் என் வீட்டுக்கு வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, உட்காராமலே பேச ஆரம்பித்தார்.

“யம்மா, எங்க வூட்டுச் செவுத்துல செகப்புல நம்பர் போட்டுட்டு போய்ட்டானுங்க. ஆத்துல கட்டிக்கினு கீறனாம் நானு. காலி பண்ணி ஊருக்கு வெளிய குடுக்கற வூட்டுக்குப் போணுமாம். எங்க வூட்டுக்கும் ஆத்துக்கும் நடுவுல ரோடே கீது. போட்டோவுல தண்ணி மேல நிக்குதுன்றான்.”

“எந்த போட்டோ?”

தன் போனை நீட்டினார். அதிகாரியின் மேஜையில் இருந்த படத்தை அவருடைய மகள் போனில் பிடித்து வந்திருந்தாள். பார்த்த உடனே எனக்குச் சுருக்கென்றது. கரையோரம் முழுக்க வீடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. கஸ்தூரியின் நீல வாசற்கதவு தண்ணீருக்கு மேல் தொங்கியது. தூரத்தில் எங்கேயோ நின்று, பெரிய டெலி லென்ஸால் இழுத்து எடுத்த படம்.

இதையும் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். டி.வி.யில் கிரிக்கெட் பார்க்கிறீர்களே, பந்து போடுகிறவனும் அடிக்கிறவனும் கையை நீட்டினால் தொட்டுக்கொள்ளலாம் போல் இருக்கிறதா இல்லையா? நிஜத்தில் நடுவில் இருபத்திரண்டு கஜம் இருக்கிறது. எட்ட நின்றால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒட்டிக்கொள்ளும். லென்ஸ் அந்த ஒட்டலைப் பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவுதான் அதன் வேலை. ஒட்ட வைத்தது நின்ற இடம்.

“நீ வேல வெட்டிய வுட்டுட்டு அலைய வேணாம்னுதான் நெனச்சேன்,” என்றார் கஸ்தூரி. “ஆனா நான் அவ்ளோ தூரம் போய்ட்டா வண்டி அவ்ளோதான்மா. எல்லாரும் ஆபீசு கெளம்பறதுக்கு முன்னாடி துணி கேப்பாங்க. அங்கேர்ந்து எந்த பஸ் புடிச்சு வருவேன்? வேற எவனாவது அந்த எடத்துல வண்டி போட்ருவான். பொண்ணு காலேஜ் இங்க கீது. திங்கக்கெழம வெசாரணைக்குக் கூப்ட்டுக்கிறாங்க. நீயே எடுத்துக் குடு.”

பிரகாஷை போன் செய்து கூப்பிட்டேன். என்னிடம் வேலை கற்றவன், இப்போது சொந்தமாகக் குழு வைத்து நடத்துகிறான், தாடியில் நரை வந்துவிட்டது. எனக்குப் பையைத் தூக்க முதுகு ஒத்துழைப்பதில்லை, அதனால்தான் அவனைக் கூப்பிட்டது. அந்தப் படம் எங்கிருந்து எடுத்தது என்று பார்க்க முதலில் ஆற்றுப் பாலத்துக்குப் போனோம். நடைபாதையில் ஓர் இடத்தில் நின்று பார்த்தால் அந்தப் படம் அப்படியே எதிரில் இருக்கிறது. கணக்கெடுப்புக்கு அரசாங்கம் வைத்த நிறுவனத்தின் போட்டோகிராபர் காரை ஓரமாக நிறுத்தி, கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி, மொத்தக் கரையையும் அங்கிருந்தே முடித்துவிட்டுப் போயிருக்கிறார். கீழே இறங்கவே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் பிரகாஷைத்தான் திட்டினேன். “நான் இன்னா மேடம் பண்ணேன்?” என்றான் பாவம்.

நாங்கள் இறங்கினோம். கஸ்தூரி சொன்னது நிஜம். ஆற்றை ஒட்டி ஒரு வரிசை வீடு, அப்புறம் ஆட்டோ போகிற அளவுக்கு மண் ரோடு, ரோட்டுக்கு இந்தப் பக்கம் இடிந்து முழங்கால் உயரத்துக்கு நிற்கும் ஒரு பழைய மதில், அதற்குப் பிறகுதான் கஸ்தூரியின் வீடு. நீலக் கதவு, பக்கத்தில் சிவப்பு எண். நேர் எதிரே, ஆற்றோர வரிசையில், செல்வி என்று ஒரு பெண்ணின் வீடு. மீன் விற்கிறவள். வாசலில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். சேறாக இருக்கிறதென்று எங்களுக்கு ஒரு பலகையை எடுத்துப் போட்டாள். “பாத்து வாக்கா, வழுக்கும்,” என்றாள்.

அவள் சுவரில் எண் எதுவும் இல்லை. ஏன் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. வேறு யோசனையில் இருந்தேன்.

பிரகாஷ் அதற்குள் பையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்து மாட்டிவிட்டான். பதினாலு மில்லிமீட்டர். முன்கண்ணாடி தவளையின் கண் மாதிரி புடைத்துக்கொண்டிருக்கும், உங்களுக்குத் தெரியுமே.

“மேடம், இத்தப் போட்டு கஸ்தூரிக்கா வாசல்ல ஒட்டி நின்னு ஆத்தப் பாத்து எடுங்க. ரோடு மவுண்ட் ரோடு மாதிரி வரும். ஆறு சாந்தோம் தாண்டிப் போய்டும்.”

சொன்னதோடு நிற்கவில்லை, ஒரு படம் எடுத்துத் திரையில் காட்டினான். அவன் சொன்ன மாதிரியேதான் இருந்தது. மண் ரோடு மைதானமாக விரிந்து கிடந்தது. ஆறு, எதிர்வரிசை வீடுகளின் சந்தில் ஒரு கோடு. கஸ்தூரியின் முகம் மலர்ந்துவிட்டது.

“இதான்மா. இத்தயே குடுத்துரு.”

“இது வேணாம் கஸ்தூரி,” என்றேன்.

“ஏன்?”

“ஆட்டோ போற ரோடு இது. லாரி போற ரோடு மாதிரி இருக்கு படத்துல. வந்து பாக்கறவன் சிரிப்பான்.”

“அவன் எடுத்தது மட்டும் நெசமா? அத்தப் பாத்து எவன் சிரிச்சான்?”

நியாயமான கேள்விதான். அவர்கள் பொய் நம்மை இடிக்கிறது, நம் பொய்யை அவர்கள் கண்டுபிடித்தால் அப்புறம் நிஜத்தைச் சொன்னாலும் எடுபடாது, இப்படி ஏதோ சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது வகுப்பெடுக்கிற மாதிரி இருந்தது.

“உனக்கு இன்னாம்மா,” என்றார் கஸ்தூரி. குரல் ஏறவே இல்லை. “உனக்கு மாம்பலத்துல வூடு கீது. அங்க வந்து எவன் நம்பர் போடப் போறான்? நீ நல்லவளா இருக்கறதுக்கு என் வூடுதான் கெடைச்சுதா?”

எனக்குக் கோபம் வந்தது, வருத்தமாகவும் இருந்தது. இந்த மாதிரி நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான், வாயை மூடிக்கொண்டு நிற்கிற இடத்தைத் தேடுவது. தேடினேன்.

கரையோடு கொஞ்சம் மேற்கே போனால் குப்பை கொட்டுகிற ஒரு வெற்றிடம். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் பக்கவாட்டில் தெரிந்தது. இடது கையில் தண்ணீர், வலது கையில் கஸ்தூரியின் வீடு, நடுவில் உள்ளது எல்லாம் வரிசையாக. தூரம் படத்தின் குறுக்கே ஓடும்போது அதை யாராலும் அமுக்கவும் முடியாது, இழுக்கவும் முடியாது. ஃபிஃப்டி லென்ஸை மாட்டினேன். உங்கள் பையில் கீழே தூசி படிந்து கிடக்குமே, அதே சாதாரண ஃபிஃப்டி. கணுக்கால்வரை சேற்றில் நின்றுகொண்டு எடுத்தேன். நாற்றம் தாங்கவில்லை.

கஸ்தூரியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். கோபம் தீரவில்லை, ஆனாலும் வந்து பார்த்தார். தண்ணீர், ரோடு, மதில், நீலக் கதவு. ரோடு நிஜத்தில் இருக்கிற அகலத்தில் இருந்தது, அதுவே போதுமாக இருந்தது. பொய்க்குத் தேவையே இருக்கவில்லை. “பாத்தியா?” என்றேன் வெற்றியோடு.

கஸ்தூரி திரையில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீருக்கும் ரோட்டுக்கும் நடுவில், தண்ணீரைத் தொட்டுக்கொண்டு, செல்வியின் வீடு இருந்தது. வாசலில் அவளும் இருந்தாள், கத்தியோடு.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. பாலத்துப் படத்தில் இரண்டு வீடும் ஒன்றாக ஒட்டிப் போயிருந்தன. முன்னால் இருந்த செல்வியின் சுவரும் பின்னால் இருந்த கஸ்தூரியின் கதவும் சேர்ந்து ஒரே வீடு. கதவில் நிறம் இருந்தது, அதனால் எண் அந்தக் கதவுக்குப் போய்விட்டது. செல்விக்கு எண் விழாதது அதனால்தான். அந்த முட்டாள் படம் ஒருத்தியை மாட்டிவிட்டு இன்னொருத்தியைக் காப்பாற்றியிருந்தது. என் படம் இரண்டு வீட்டையும் பிரித்துக் காட்டியது.

“இவ வூடு இல்லாம எடுக்க முடியாதாம்மா?” என்று மெதுவாகக் கேட்டார் கஸ்தூரி.

லென்ஸை மாற்றலாம். எய்ட்டி ஃபைவ் போட்டால் செல்வி வெளியே போய்விடுவாள், ஆனால் கூடவே ஆறும் போய்விடும். ஆறு இல்லாத படத்தை வைத்துக்கொண்டு ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று யாரிடம் காட்டுவது? நான் அதைத்தான் சொன்னேன்.

கஸ்தூரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். செல்வி இருந்த பக்கம் திரும்பவில்லை. பிறகு, “இத்தயே குடும்மா,” என்றார்.

திரும்பி வரும்போது செல்வி மறுபடி பலகையைப் போட்டாள். “டீ சாப்ட்டுப் போக்கா,” என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை விசாரணைக்கு நானும் போனேன். அதிகாரி சின்ன வயசு, மரியாதையாகத்தான் பேசினார். அவர்கள் படத்தையும் என் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டும் ஒரே வீடா மேடம்?”

“உங்க படத்துல ரெண்டு வீடு சார், ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடுச்சு. எடுத்தவர் பாலத்து மேல நின்னிருக்கார். கீழ இறங்கிப் பாத்திருக்கணும்.”

“மொத்தக் கரையையும் கவர் பண்ணணும் இல்லையா? கீழ இறங்கினா ரொம்ப நாள் இழுக்கும்னு சொன்னாங்க. நாத்தம் வேற.”

நாற்றமாம். அந்த நாற்றத்தில்தான் ஜனங்கள் சோறு பொங்கிச் சாப்பிடுகிறார்கள், உங்கள் ஆளுக்கு ஒரு மத்தியானம் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க முடியவில்லையா என்று கேட்டேவிட்டேன். அவர் வாதாடவில்லை. நேரில் ஆள் அனுப்பி அளக்கச் சொல்கிறேன் என்று எழுதிக்கொண்டார். பேனாவை மூடப் போனவர், என் படத்தில் விரலை வைத்தார்.

“அப்ப முன்னாடி இருக்கே, இது யார் வீடு?”

எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. கஸ்தூரி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வருஷக்கணக்கில் இஸ்திரிப் பெட்டி பிடித்துத் தழும்பேறிய கை.

“செல்வின்னு ஒரு பொண்ணு சார்,” என்றார்.

ஆட்கள் வந்தார்கள், அளந்தார்கள். கஸ்தூரியின் சுவரில் சிவப்பு எண்ணின்மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். அதே ஆட்கள் ரோட்டைக் கடந்து போய்ச் செல்வியின் சுவரில் எண் போட்டார்கள். அளவு சரி, படம் சரி, யார்மேலும் தப்புச் சொல்ல இடமில்லை. இதைப் பிரகாஷ்தான் எனக்கு போனில் சொன்னான். “நம்ம படம் ஒர்க் அவுட் ஆயிடுச்சு மேடம்,” என்று ஆரம்பித்து, பாதியில் பேச்சை நிறுத்திவிட்டான்.

கொஞ்ச நாள் கழித்து என் வீட்டு வாசலில் செல்வி நின்றாள். கஸ்தூரிதான் கூட்டி வந்திருந்தார், ஆனால் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். உள்ளே வா என்று இரண்டு முறை கூப்பிட்டேன், வரவில்லை.

“யக்கா, கஸ்தூரிக்கா வூட்ட எடுத்துக் குடுத்து நம்பர அழிக்க வச்சியே, அதே மாதிரி என் வூட்டையும் எடுத்துக் குடு. எனக்கும் வெசாரணை வச்சுக்கிறாங்க.”

மறைத்துப் பழக்கமில்லை எனக்கு. “செல்வி, அந்தப் படத்துலதான் உன் வீடு தெரிஞ்சுது. அதனாலதான் உனக்கு நம்பர் வந்துது,” என்றேன்.

“தெரியும்க்கா. கஸ்தூரிக்கா சொல்லிச்சு, அழுதுச்சு. அதுங்கிட்ட எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல, அது வூடு போனா அது இன்னா பண்ணும்? அதான் உன்னாண்டயே வந்தேன். போட்டோ எடுத்தா நம்பர் போவுதில்ல?”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் திருப்பித் திட்டியிருப்பேன், அதில் எனக்குப் பழக்கம் உண்டு. இவள் நம்பிக்கையோடு நின்றாள். உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு, பிரகாஷுக்கு போன் செய்து, அந்தப் பதினாலு லென்ஸை எடுத்துக்கொண்டு வா என்றேன். அவன் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அறைந்திருப்பேன்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். கஸ்தூரிக்கு வகுப்பெடுத்தவள்தான் நான். செல்வியின் வீட்டுக்குள் போய்ப் பின்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு எடுத்தேன். வாசல்படியில் உட்கார்ந்து எடுத்தேன். தரையோடு படுத்து எடுத்தேன். எழுந்திருக்கப் பிரகாஷ் கை கொடுக்க வேண்டியிருந்தது. வீடு நீண்டது, கூரை உயர்ந்தது, மீன் கூடை வைக்கிற திட்டு முற்றம் மாதிரி விரிந்தது. ஆற்றை எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளினேன். எனக்குத் தெரிந்த வித்தை அத்தனையும் அந்தப் பத்தடி வீட்டுக்குள் செய்து பார்த்துவிட்டேன்.

செல்வி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கேமராவை வாங்கினாள். ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கஸ்தூரி அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். வீடு பெரிதாக இருப்பதைப் பார்த்துச் செல்விக்குச் சிரிப்பு வந்தது. கடைசிப் படத்தில் நிறுத்தி, திரையில் ஓர் ஓரத்தை நகத்தால் தொட்டாள்.

“நல்லாத்தான்க்கா கீது,” என்றாள். “ஆனா தண்ணி தெரியுதே.”